காசிம் நானா செய்யாத சத்தியம்

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கேள்விக்குத் தடை இருந்தது. "விளங்கிச்சா?" என்று யாரையும் கேட்கக் கூடாது. கண்டியில் பிரக்கிராசியாக இருந்த அம்பலவாணர் ஐயாவிடம் நான் கிளார்க்காகச் சேர்ந்த முதல் வாரமே அந்தத் தடை என் தலையில் விழுந்தது. பிரக்கிராசி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. கோர்ட்டில் வழக்குப் பேசுகிறவரும் அவரே, காணி உறுதி எழுதுகிறவரும் அவரே.

போன மாதம் அந்தப் பழைய ஆபீஸுக்கு ஒரு வேலையாகப் போனேன். இப்போதுள்ள இளம் கிளார்க்குகள் இரண்டு பேர், தவணைக்குக் கார் வாங்கும் உடன்படிக்கை ஒன்றை மேசையில் விரித்து வைத்து, எதிரே இருந்த மனிதரிடம் "விளங்கிச்சா, விளங்கிச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓய்வு பெற்றவன் கோபப்பட்டால் யார் மதிக்கிறார்கள்? இரண்டு பேரும் சிரித்துவிட்டு, "அப்ப எப்பிடிக் கேக்கணும்னு எழுதிக் குடுங்க அண்ணே" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்டதை மட்டும் எழுதி நிறுத்த என்னால் முடியவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா கண்டிக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதினார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது, கையெழுத்து நன்றாக இருந்தது, கடையில் நிற்கப் பிடிக்கவில்லை. பிரதி எழுதுகிறவனாகப் போனேன். இரண்டொரு வருஷத்தில், இங்கிலீஷில் இருக்கும் பத்திரங்களை வாசித்து, தமிழ் ஆட்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எதிரே இருப்பவர் விரல் அடையாளம் வைக்கும்போது, அவருக்கு வாசித்து விளக்கினேன் என்று நானும் கீழே ஒப்பம் வைப்பேன். அதிலே எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கறுத்த தலைப்பாகை, சத்தம் போடாத பேச்சு. என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். நான் "விளங்கிச்சா?" என்று ஒரு ஆளைக் கேட்டது அவர் காதில் விழுந்தபோது, அந்த ஆள் போகும்வரை பொறுத்திருந்து என்னை உள்ளே அழைத்தார்.

"விளங்கிச்சோ எண்டு கேளாதையும். கதிரையிலை இருத்தி வைச்சு, கோட்டுப் போட்டவன் ஒருத்தன் கேட்டால், எங்கட சனம் ஓம் எண்டுதான் சொல்லும். இல்லை எண்டு சொல்லுறது மரியாதையில்லை எண்டு நினைக்கினம். அந்த ஓமை வைச்சு ஒரு காசுக்கும் பிரயோசனமில்லை."

"அப்ப என்ன கேக்கிறதுங்க ஐயா?"

"என்ன நடக்கும் எண்டு கேளும். தவணை கட்டேல்லை எண்டால் என்ன நடக்கும்? உடைஞ்சால் ஆர் திருத்துவினம்? அவர் தன்ரை வாயாலை சொல்லட்டும். பிழையாச் சொன்னால் திரும்பவும் வாசியும்."

அந்தக் காலத்தில்தான் கண்டியில் கண்ணாடி முகப்பு வைத்த மோட்டார் கம்பெனி ஒன்று வந்தது. பேர் வேண்டாம், அது இப்போது இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கார் பளபளவென்று நிற்கும். உள்ளே போனால் கதிரை போடுவார்கள், டீ வரும். அதற்குமுன் எங்கள் ஆட்களுக்குக் கண்டியில் எந்தக் கம்பெனிக்காரன் டீ கொடுத்திருக்கிறான்? சுவரில் தங்கக் கரை போட்ட சட்டத்துக்குள் 'கெரண்டி' தொங்கும், ஒரு வருஷ உத்தரவாதம். அதை இங்கிலீஷில் வாசித்தால் கதை வேறு. உடைந்த சாமானை மட்டும் மாற்றித் தருவார்கள், கூலி கிடையாது. அந்தச் சாமானையும் வாங்கினவர் செலவில் சீமைக்கு அனுப்ப வேண்டும், அங்கே பார்த்து முடிவு சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், காசுக்கு ஆள் ஏற்றி ஓடும் காருக்குக் கெரண்டியே இல்லை. கண்டியில் எங்கள் ஆட்கள் காரை வாங்கியது வேறெதற்கு? ஹயருக்கு ஓட்டத்தான். அது கம்பெனிக்கும் நன்றாகத் தெரியும்.

தவணை உடன்படிக்கை அதைவிட மோசம். அதன்படி கார் விற்கப்படவில்லை, வாடகைக்குக் கொடுக்கப்படுகிறது. கடைசித் தவணை கட்டி முடிக்கும் நாள்வரை கார் கம்பெனியுடையது. ஒரு தவணை தவறினாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், அதுவரை கட்டிய காசு திரும்பாது.

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, கூலியாட்களை வேலை வாங்கும் ஒரு பெரிய கங்காணி வந்தார். லொறி வாங்கப் போகிறார், கையெழுத்து வைக்குமுன் யாரிடமாவது காட்டலாமே என்று ஒரு நல்ல புத்தி அவருக்கு வந்திருந்தது. நான் எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னேன். "வெளங்குதுங்க, வெளங்குதுங்க" என்று கேட்காமலே சொன்னார். ஐயா உள்ளேயிருந்து எழுந்து வந்து நின்றார்.

"கங்காணியார், மழை. பாதை ரெண்டு மாசம் மூடிப்போச்சு. தவணை கட்டேல்லை. என்ன நடக்கும்?"

"பேசிக்கலாமுங்க. தெரிஞ்ச மனுசங்கதானே, பொறுத்துக்குவாங்க."

ஐயா என்னைப் பார்த்தார். நான் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். மூன்றாம் முறை வாசித்தபோதுதான் கங்காணியாரின் முகம் மாறியது. காகிதத்தை மடித்து மடியில் வைத்தார், வெற்றிலை ஒன்று போட்டுக்கொண்டார், லொறி வாங்காமலே தோட்டத்துக்குப் போய்விட்டார். நாலு பேர் இப்படித் திரும்பியதும், கம்பெனிக்காரர்கள் தங்கள் இடத்திலேயே வாசித்து, தங்கள் இடத்திலேயே கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள்.

அப்படிக் கையெழுத்து வைத்தவர்தான் காசிம் நானா. எங்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அக்குறணையில் மிளகு, கிராம்பு, பாக்கு வாங்கி விற்கும் கடை அவருடையது. தகப்பன் நடத்திய கடை. தோட்டக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டு, காசு பிறகு வாங்கிக் கொள்ளலாம் என்று போய்விடுவார்கள். காசிம் நானா சொன்னால் சரிதான் என்று அந்தப் பாதை முழுக்கச் சொல்லுவார்கள். பாக்குத் தோட்டம் ஒன்றை விற்று முற்பணம் கட்டி, அக்குறணைக்கும் கண்டிக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓட ஒரு பெரிய கார் வாங்கினார்.

எங்களிடம் அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன் கதிரையில் நுனியில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வட்டி ஈக்கான்னுதான் மொதல்ல கேட்டன் ஐயா. வட்டின்னா எனக்கு வாணாம். அந்த ராஜமாணிக்கம் தம்பி, வட்டியே இல்ல நானா, வாடகை மாதிரி மாசாமாசம் குடுத்தா சரின்னு சொன்னாரு. கெரண்டியும் ஒரு வருசம் ஈக்கின்னாரு. ஹயர் ஓட்டத்தான் எடுக்கிறன்னு நான் ஒளிக்கல்ல. எந்த எடத்துல நிப்பாட்டினா சனம் ஏறும்னு அவருதான் எனக்கே சொல்லித் தந்தாரு."

ராஜமாணிக்கம் கம்பெனியின் விற்பனை ஆள். எங்கள் கண்டித் தமிழ்ப் பையன், எனக்கு வெகுநாளாகத் தெரிந்தவன். சிரித்த முகம், இனிமையான பேச்சு.

சில மாதம் கார் நன்றாக ஓடியது. பிறகு மாத்தளைப் பாதையில் ஆட்களோடு போகும்போது பின் அச்சு முறிந்தது. மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்து கம்பெனியின் வேலைத்தலத்தில் விட்டார்கள். காசிம் நானா அந்த மாதத் தவணையையும் கையோடு கொண்டு போயிருந்தார். ராஜமாணிக்கம் அதை வாங்கவில்லை. "வண்டி எங்ககிட்டதானே நானா கெடக்குது. ஓடாத வண்டிக்கு என்ன தவணை? ரிப்பேர் முடியட்டும், பெரியவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். கார் வேலைத்தலத்திலேயே கிடந்தது. இரண்டாம் தவணையும் தவறிய பிறகு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தவணை தவறியதால் உடன்படிக்கை முறிந்தது, கார் கம்பெனிக்கே, ஹயர் ஓடியதால் கெரண்டி இல்லை, ரிப்பேர்ச் செலவும் பாக்கித் தவணையும் உடனே கட்ட வேண்டும்.

ஐயா உடன்படிக்கையை முழுக்க வாசித்துவிட்டு, "கடைசித் தவணை கட்டி முடியுமட்டும் அது உம்முடைய கார் இல்லை" என்றார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் யாருட கார ஓட்டின?" என்று கேட்டார் காசிம் நானா.

கம்பெனி வழக்கு வைத்தது. நாங்கள் எதிர்த்தோம். எங்கள் பக்கம் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான்: தவணையை வாங்காமல் திருப்பி அனுப்பியவன் கம்பெனியின் ஆள், அவன் பேச்சை நம்பித்தான் தவணை தவறியது. அதற்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை. காசிம் நானாவின் வாய் மட்டும்தான்.

ஆனால் அந்த வாய் நல்ல வாய். சாட்சிக் கூண்டில் ஏறி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அதற்குப் பிறகு ராஜமாணிக்கம் ஏறி, தவணையை அவர் கொண்டு வரவே இல்லை என்று சொன்னான். சொல்லும்போது சிரித்த முகம் இல்லை. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கு எங்கள் பக்கம் திரும்புகிறது என்று எனக்கே தெரிந்தது. கம்பெனிப் பிரக்கிராசிக்கும் அது தெரிந்துவிட்டது.

அவர் எழுந்து, மிகப் பணிவாக ஒரு யோசனை சொன்னார். எதிராளி மார்க்கப்பற்று உள்ள மனிதர். தவணையைக் கொண்டு போனதும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதும் உண்மை என்று அவர் தன்னுடைய பள்ளிவாசலில் குர்ஆன் மேல் சத்தியம் செய்யட்டும். செய்தால் கம்பெனி வழக்கை விட்டுவிடும், காரையும் திருத்திக் கொடுக்கும். செய்யாவிட்டால் கம்பெனி கேட்டபடி தீர்ப்பு. இப்படிச் சத்தியத்தில் வழக்கைத் தீர்க்க அன்றைய சட்டத்தில் இடம் இருந்தது. ஒருமுறை ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உண்மையைச் சொன்ன மனிதர், அதையே பள்ளிவாசலில் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வரப் போகிறார் என்று நினைத்தேன். ஐயாவைப் பார்த்தேன். அவர் முகம் கறுத்திருந்தது. "கட்சிக்காரரோடை கதைக்க எனக்கு அவகாசம் வேணும்" என்று எழுந்தார். அதற்குள் நீதிபதி காசிம் நானாவை மறுபடி கூண்டில் ஏறச் சொல்லிக் கேட்டுவிட்டார். மொழிபெயர்ப்பாளர் உரத்த குரலில் தமிழில் சொன்னார். கடைசியில், அந்தச் சொல்லையும் போட்டார்: "விளங்கிச்சா? சம்மதமா?"

காசிம் நானா இரண்டு கையாலும் கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க தொரே" என்றார்.

வெளியே வந்ததும் ஐயா அவரை மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"நீர் சொன்னது உண்மைதானே?"

"உண்மைதான் ஐயா."

"அப்ப சத்தியம் பண்ணுவீர்தானே?"

காசிம் நானா தரையைப் பார்த்தார். "எங்கட ஊட்டுல புள்ளத்தாச்சி ஐயா. மொத ரெண்டும் தங்கல்ல. இது ஏழு மாசம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று கேட்டவன் நான்தான்.

"உண்மையா இருந்தாலும் துனியாட, இந்த ஒலகத்துட சாமானுக்காக குர்ஆன தொட்டு ஆணையிடக் கூடாதுன்னு எங்கட பெரியவங்க சொல்லி ஈக்கி. அது புள்ளைங்க மேல விழும். எங்கட உம்மா கேள்விப்பட்டா ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டா."

"அப்ப உள்ளுக்கு ஏன் காணும் சரி எண்டு சொன்னனீர்?" ஐயா சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"தொரே கேக்கிறாரு. அவ்வளவு பேருக்கு முன்னுக்கு எப்பிடி ஐயா இல்லன்னு சொல்ற?"

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உள்ள பயம் இல்லை. எங்கள் வீட்டிலும், உண்மையே ஆனாலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணாதே என்றுதான் வளர்த்தார்கள். கண்டியில் எந்தச் சாதி சனத்தைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். பொய்யனுக்குத்தான் சத்தியம் இலேசு. அது கம்பெனிப் பிரக்கிராசிக்கு நன்றாகத் தெரியும், அவரும் இந்த ஊர்க்காரர்தானே. ராஜமாணிக்கத்தைச் சத்தியம் பண்ணச் சொல்லாமல், எங்கள் ஆளைப் பார்த்து அவர் சொன்னது அதற்காகத்தான்.

குறித்த நாளில் கோர்ட் உத்தியோகத்தர் ஒருவரோடு அக்குறணைக்குப் போனேன். கம்பெனி சார்பில் ராஜமாணிக்கம் வந்திருந்தான். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது, ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. காசிம் நானா ஹவுள் தொட்டியில் முகம் கை கால் கழுவி ஒளூ எடுத்தார். மிக மெதுவாக எடுத்தார். தொழவைக்கும் லெப்பை உள்ளே காத்திருந்தார்.

நானும் ராஜமாணிக்கமும் முற்றத்து ஓரத்தில் நின்றோம். என்னால் அடக்க முடியவில்லை. "டேய், உண்மையச் சொல்லு. அந்தக் காச அவர் கொண்டு வந்தாரா இல்லியா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க அண்ணே. இந்த வேலைய விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? என்கிட்ட அதக் கேக்காதீங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதை வைத்து எந்தக் கோர்ட்டில் என்ன செய்ய முடியும்? சத்தியத்துக்கு ஒப்புக்கொண்டபோதே சாட்சிகளின் காலம் முடிந்துபோயிற்று.

காசிம் நானா பள்ளிவாசலின் படியில் ஒரு காலை வைத்தார். அப்படியே நின்றார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய்விடுவார், போய்விடுவார் என்று நான் மனத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் காலை எடுத்துவிட்டுத் திரும்பி, கோர்ட் உத்தியோகத்தரிடம் வந்தார்.

"எனக்கு ஏலா. கார அவங்களே வெச்சிக்கட்டும்."

தீர்ப்பு வந்தது. தவணைப் பாக்கியும் ரிப்பேர்ச் செலவும் கட்ட, இன்னும் கொஞ்சக் காணி போனது. கார் வேறு நிறம் பூசிக்கொண்டு அதே கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றது. தினமும் அந்த வழியாகத்தான் நான் ஆபீஸுக்குப் போக வேண்டும். சில நாள் எதிர்ப்பக்கத்து ஓரமாக நடந்தேன்.

ஐயா அந்த வழக்கைப் பற்றிப் பிறகு பேசவில்லை. ஆனால் அடுத்த வழக்கிலிருந்து, ஆள் வந்து கதிரையில் உட்கார்ந்த உடனேயே ஒரு புதுக் கேள்வி சேர்ந்துகொண்டது. "சத்தியம் பண்ணச் சொல்லிக் கோர்ட் கேட்டால் என்ன சொல்லுவீர்?" மாட்டேன் என்கிறவரிடம், "அப்ப அந்த மாட்டன் எண்டதை, நீதிபதிக்கு முன்னாலை நிக்கிறதா நினைச்சு, எனக்குக் கேக்கச் சொல்லும் பாப்பம்" என்பார். கட்டை வண்டிக்காரரும் கடைக்காரரும் எங்கள் ஆபீஸ் சுவரைப் பார்த்து, "மாட்டன் தொரே, மாட்டன் தொரே" என்று சொல்லிப் பழகுவார்கள். அதைக் கேட்டுச் சிரித்த கிளார்க்குகள் உண்டு. நான் சிரித்ததில்லை.

காசிம் நானா ஒருநாள் காணி உறுதி ஒன்றுக்காக வந்தார். ஆண் குழந்தை, சுகமாக இருக்கிறது என்று சொன்னார். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. "தங்கிட்டான் ஐயா, இவன் தங்கிட்டான்." எனக்கும் கண் கலங்கிவிட்டது. வேலை முடிந்தும் அவர் எழுந்து போகவில்லை.

"மொளகு தாறவங்க இப்ப கையில காச வெச்சாத்தான் மூட்டைய எறக்குறாங்க," என்றார். "வாப்பாட காலத்துலயும் இப்பிடி இல்ல. உண்மைன்னா காசிம் ஏன் படியில நின்டு திரும்பி வந்தான்னு கேக்கிறாங்களாம். அவங்கட ஊட்டுல ஒருத்தரும் ஆணையிட மாட்டாங்க ஐயா. ஆனா நான் இடாததுனால நான் பொய்க்காரன்."

நான் காகிதங்களை அடுக்கினேன்.

"கோர்ட்டுல என்னப் பத்தி என்ன எழுதி ஈக்கி?"

"சத்தியம் செய்ய மறுத்தார், அதனால் தீர்ப்பு கம்பெனிக்கு. அவ்வளவுதான் நானா."

"ஏன் மறுத்தன்னு எழுதல்லியா?"

"இல்லை."

"அது எவ்வளவு காலம் அங்கன ஈக்கும்?"

"கோர்ட் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

தொப்பியைத் தலையில் வைத்துச் சரிசெய்தார். "இவன இங்கிலீஷ் படிக்க வெக்கணும்னு நெனச்சிட்டு ஈக்கன்," என்றார். "படிச்சா அத வாசிப்பான்."

அதற்குப் பிறகு ஐந்தாறு முறை அவரைப் பார்த்திருப்பேன். அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. இப்போது அவனுக்கே பிள்ளைகள் இருக்கும். படித்து, ஏதாவது வேலையாக அந்தக் கோர்ட்டுக்குப் போய், அந்தத் தீர்ப்பை வாசித்தும் இருக்கலாம். அதில் எழுதாமல் விட்டதை நான் இங்கே எழுதி வைக்கிறேன். தம்பி, உன் வாப்பா தவணைக் காசைக் கொண்டுதான் போனார், அவர்கள்தான் வாங்கவில்லை. அவர் கூண்டில் சொன்னது அத்தனையும் உண்மை. பள்ளிவாசல் படியிலிருந்து அவர் திரும்பியது உனக்காக.